பதினெட்டாம் புத்தகத்தின் பின் அட்டை

ரெக்கார்டு அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு.

போன மாதம் ஹெட்கிளார்க்கைப் பார்க்க ஆபீசுக்கு வந்திருந்தேன். வராந்தாவில் நின்றேன். உள்ளே ஒரு பெரியவர். வெள்ளைத் தாடி, மடக்கிய குடை. தன் தகப்பனாரின் கல்யாணப் பதிவைக் கேட்டார். உங்களில் ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அந்தப் பக்கம் இல்லீங்க, கறையான் தின்னுடுச்சு" என்றார். பெரியவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

நான் வாய் திறக்கவில்லை. வேலையை விட்டுப் போனவன் உள்ளே புகுந்து பேசினால் நன்றாயிராது என்று இருந்துவிட்டேன். அது தப்பு. அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூட இரண்டு வரி எழுதுவது, எழுந்து பசுந்தாங் கால்வாய் வரை நடப்பது, திரும்பி வந்து அடுத்த வரி என்றுதான் எழுதுகிறேன். முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏணி வைப்பது, கட்டு அவிழ்ப்பது, தூசி தட்டுவது எல்லாம் நீங்களே பழகிக்கொள்வீர்கள். அதை எழுதவில்லை. கறையானைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முந்தி, மழைக்காலம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு பர்மாக்காரி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம். கண் மட்டும் சாம்பல் நிறம். கியாக்தானிலிருந்து விடிகாலை லாஞ்சுப் படகு ஏறி வந்திருந்தாள். லுங்கி முழங்கால் வரை நனைந்திருந்தது. எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். அது மட்டும் நனையவில்லை.

பெயர் மா தின். கியாக்தான் சந்தையில் கருவாட்டுக் கடை. எங்கள் பேச்சு பர்மாப் பேச்சில்தான். தமிழில் எழுதுகிறேன்.

சங்கதி இதுதான். ரங்கூன் பட்டணத்தின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றை எடுத்துவிட்டுச் சாலை போட ஒரு கமிட்டி முடிவு செய்திருந்தது. வாரிசு என்று ருசு காட்டுகிறவர்கள் எலும்பையும் கல்லையும் எடுத்துப் புதுத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் காகிதம் கொடுக்க வேண்டும். ருசு இல்லாதது எல்லாம் ஒரே குழிக்குள் போகும்.

அங்கே மா தின்னின் தாத்தா இருந்தார். அம்மாவைப் பெற்றவர். பெயர் ஈதன் வார்டு. அமெரிக்காக்காரர். பாய்மரக் கப்பலில் வந்த தச்சர். இங்கே தேக்கு மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவில்லையாம். கியாக்தான் பெண் ஒருத்தியைக் கட்டினார், மா புவா என்று. ஒரு பெண் குழந்தை, ஹன்னா. அந்தக் குழந்தைக்கு நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டார். அந்த ஹன்னாதான் மா தின்னின் அம்மா.

"வருஷா வருஷம் அம்மா கூட்டி வருவாள். கல்லைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றுவோம். அம்மா போன பிறகு நான் வருகிறேன். இப்போது கமிட்டிக்காரன் கேட்கிறான், கல்லில் இருப்பது வெள்ளைக்காரன் பேர், நீ மா தின், உனக்கும் அவனுக்கும் என்ன என்று."

எண்ணெய்த் துணிக்குள் இருந்தது அவளுடைய ஞானஸ்நானக் காகிதம். அதில் தாய் ஹன்னா, தாயின் தாய் மா புவா, கியாக்தான் என்று இருந்தது. தாத்தா பேர் இல்லை. ஹன்னாவின் ஞானஸ்நானப் பதிவு ஒன்று கிடைத்தால் போதும். அதில் தகப்பன் ஈதன் வார்டு, தாய் மா புவா என்று இருக்கும். அந்த ஒரு பக்கம்தான் நடுவில் இருக்கிற பாலம்.

ஹன்னாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கிறிஸ்தவக் கோயிலின் பழைய பதிவேடுகள் நம் அறையில்தான் இருந்தன, இருக்கின்றன. நான் எடுத்துக் கொடுத்தேன். ஹெட்கிளார்க் புரட்டினார். நாற்பதாம் தாள் இருந்தது. அடுத்தது நாற்பத்தைந்து.

"கறையான்" என்றார். பக்கத்தில் மேஜைமேல் கிடந்த பெரிய இன்டெக்ஸ் புத்தகத்தை விரலால் தட்டிக்கொண்டே சொன்னார். "நாலு தாள் போயிருக்கு. நான் என்ன செய்ய, அம்மா?"

மா தின் சிரித்தாள். "ஊரில் என்னைக் கலாபியூ என்று கூப்பிடுவார்கள். வெள்ளைக்கார அந்நியன் என்று. இங்கே வந்தால் நான் வெள்ளைக்காரன் பேத்தி இல்லை என்கிறீர்கள். ரெண்டில் ஒன்றை முடிவு செய்து சொல்லுங்கள்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்களும் கலாதான், அந்நியன்தான். உங்களிடமாவது யாராவது காகிதம் கேட்டார்களா?"

"இல்லை" என்றேன்.

"நாளை மறுநாள் வருகிறேன். தேடிப் பாருங்கள், கோ கருப்பையா." கோ என்றால் அண்ணன். என் பேரை எப்படித் தெரிந்துகொண்டாளோ. போய்விட்டாள்.

புத்தகத்தைத் திரும்ப வைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன். நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவே தையல் ஓரத்தில் அரை விரல் அகலத்துக்குத் தாளின் அடி மிச்சம் இருந்தது. நேர்க்கோடாக.

கறையான் நேராகத் தின்னாது. அது கத்தி. என் கத்தி.

இதைச் சொல்ல நான் பின்னால் போக வேண்டும். அதற்கு இருபத்திரண்டு வருஷம் முந்தி நான் பசுந்தாங் அரிசி மில்லில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த எழுத்து எண்கள் மட்டுமே. கை சுத்தம் என்று ஒருவர் சொல்லி நம் ஆபீசில் புத்தகம் கட்டும் பைண்டர் வேலைக்கு எடுத்தார்கள். அந்த வருஷம் கோயில்களிலிருந்து பழைய பதிவேடுகள் வண்டி வண்டியாக வந்தன. அட்டை எல்லாம் உளுத்துப்போய்க் கிடந்தது. புது அட்டை போட வேண்டும். கல்கத்தாவிலிருந்து அட்டை வரவில்லை. மழை நிற்கவில்லை. அப்போது இருந்த துரை, வாசிக்க முடியாத தாள்களை வெட்டி எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி அட்டை செய்துகொள் என்று உத்தரவு போட்டார். ஆறு தாள் ஒட்டினால் ஓர் அட்டை.

நான் சரி என்றேன்.

யோசித்துப் பாருங்கள். வாசிக்க முடியாத தாளை எடு என்று எனக்குச் சொன்னார். எனக்கு எந்தத் தாளை வாசிக்க முடியும்? எல்லாமே எனக்கு வாசிக்க முடியாத தாள்தான். எனக்கு எழுத்து தெரியாது என்று துரைக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மூட்டை தூக்குகிற வேலைக்குத் திரும்ப அனுப்பிவிடுவார்கள் என்று பயம். மை வெளிறினது, ஓரம் கிழிந்தது, கறை பட்டது என்று கண்ணால் பார்த்து வெட்டினேன். மை வெளிறினாலும் எழுத்து தெரிந்தவனுக்கு அது எழுத்துதான். அது எனக்கு அப்போது தெரியாது.

பிறகு தமிழ் கற்றேன். இங்கிலீஷில் பேர் வாசிக்கும் அளவுக்குக் கற்றேன். கற்ற பிறகு எத்தனை நாள் அதே அலமாரிகளுக்கு நடுவே நடந்திருக்கிறேன். ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்க வேண்டாம் என்று இருந்தேனோ என்னவோ.

செவ்வாய் சாயங்காலம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். புதனும் வியாழனும் சொல்லவில்லை. இதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். மூன்று நாள் சொல்லவில்லை.

சும்மா இருக்கவும் முடியவில்லை. புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் லத்தா தெரு வரைக்கும் நடந்தேன். ஏன் போனேன் என்று தெரியாது. சீனன் கடை வாசலில் நின்று ஒரு டீ வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டுத் திரும்பினேன். கால் தானாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. அங்கே குழி வெட்டுகிறவர்கள் நம் ஆட்கள். ஈதன் வார்டு கல் எங்கே என்று கேட்டேன்.

"அட, நம்ம சேலத்துக்காரர் கல்லா? வாங்க, காட்டுறேன்" என்றான் ஒருவன்.

"அமெரிக்காக்காரர்யா."

"என்ன விளையாடுறீங்க? கல்லுல சேலம்னு போட்டிருக்கு. மேஸ்திரி படிச்சுச் சொன்னாரு. நானும் சேலம்தான். ஊர்க்காரராச்சேன்னு தினம் அந்தக் கல்லு மேல மட்டும் மண்ணு போடாம பாத்துக்கறேன்."

கல்லின் அடிப்பகுதி மண்ணுக்குள் இருந்தது. கையால் மண்ணை எடுத்தேன். ஊர்ப் பேருக்குக் கீழே அமெரிக்கா என்று இருந்தது. படித்துச் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. கொஞ்சம் யோசித்தான்.

"பரவாயில்ல. அங்கயும் ஒரு சேலம் இருக்குன்னா அவரும் ஊர்க்காரர்தான்" என்றான்.

பக்கத்தில் அந்தப் பெரிய குழியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் இடுப்பளவு நின்றது. பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானமே தேட ஆரம்பித்தேன். யாருக்கும் சொல்லாமல்தான். எனக்கு ஒரு பிடி இருந்தது. மூட்டை எண்ணின பழக்கம். கட்டிய ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசி வெற்றுத் தாளின் மூலையில் பென்சிலால் எண் போட்டிருந்தேன். ஒரு புத்தகத்தில் வெட்டிய தாள்களை அடுத்த புத்தகத்தின் அட்டைக்குத்தான் ஒட்டினேன். போதாததற்கு வேறு மிச்சத் தாள்களையும் சேர்த்துக்கொண்டேன். ஹன்னாவின் ஞானஸ்நானப் புத்தகத்தில் என் எண் பதினேழு. அப்படியானால் நாலு தாளும் பதினெட்டின் அட்டைக்குள் இருக்க வேண்டும்.

பதினாறு கிடைத்தது. பத்தொன்பது கிடைத்தது. இருபது, இருபத்தொன்று கிடைத்தன. பதினெட்டைக் காணோம். புதன் சாயங்காலம் வரை, பிறகு வியாழன் முழுக்க ஏணியில் ஏறி இறங்கினேன்.

வியாழக்கிழமை மா தின் வந்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு தடவை கட்டுத் தூக்கிக்கொண்டு கடக்கும்போதும் முகத்தைப் பார்த்தாள். சாயங்காலம் லாஞ்சுக்கு நேரமானதும் எழுந்தாள்.

"நாளைக்கு மட்டும்தான் இருக்கிறது, கோ கருப்பையா. குழியைப் பார்த்துவிட்டு வந்தேன். அவருக்கு நீச்சல் தெரியும் என்று அம்மா சொல்வாள்."

சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அவள் போன பிறகு ஹெட்கிளார்க் மேஜையைத் துடைக்கப் போனேன். பெரிய இன்டெக்ஸைத் தூக்கினேன். நம் அறையில் எதைத் தேடினாலும் முதலில் திறக்கிற புத்தகம் அது. தினமும் நூறு தடவை தொட்ட புத்தகம். அலமாரியில் அது நின்றதே இல்லை. அதனால் அதை நான் தேடவே இல்லை. கடைசித் தாளைத் திருப்பினேன். மூலையில் என் பென்சில் எழுத்து. பதினெட்டு.

வெள்ளிக்கிழமை காலை ஹெட்கிளார்க் வந்து குடையைச் சாத்துவதற்குள் சொல்லிவிட்டேன். முழுவதும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"இந்தப் புத்தகத்துலயா?"

"ஆமாங்கய்யா."

"பன்னிரண்டு வருஷமா இதுமேலதான்யா கையை ஊன்றி உக்கார்ந்திருக்கேன். கறையான் கறையான்னு இதைத் தட்டித் தட்டியே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்!"

நான் கடைசித் தாளைத் திருப்பி என் எண்ணைக் காட்டினேன்.

"துரை மேமியோ மலைக்குப் போயிருக்காரு. திங்கக்கிழமைதான் வருவாரு. அவர் உத்தரவு இல்லாம இன்டெக்ஸ் அட்டையை வெட்டினா உன் வேலை போகும். என் வேலையும் போகும்."

"தந்தி அடிக்கலாங்களா?"

"என்னன்னு அடிக்கிறது? பைண்டர் தாளை ஒட்டிட்டான், வெட்டலாமான்னா? 'நான் வரும்வரை பொறு'ன்னு பதில் வரும். கிழவன் குழிக்குள்ள போயிடுவான்." அறைக்குள் இரண்டு தடவை நடந்தார். "உள்ளே அந்தத் தாள் இருக்குன்னு நிச்சயமா சொல்லுவியா?"

நிச்சயம் என்று சொல்ல ஆசைதான். "தொண்ணூறு பங்கு" என்றேன்.

"மிச்சம் பத்துப் பங்கு?"

"வேலை போகும். தாளும் இராது."

அவர் ஜன்னலைப் பார்த்தார். மா தின் வராந்தாவில் ஏறிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு சின்னத் தேக்குப் பெட்டி. எலும்பு வைக்கச் செய்தது. ருசு கிடைக்குமுன் பெட்டியைச் செய்துவிட்டாள். அதைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்தார் என்று நினைக்கிறேன். கோட்டைக் கழற்றி மாட்டினார். "கத்தியை எடு" என்றார்.

முன் அட்டையை முதலில் திறந்தேன். ஈரத் துணி போட்டு, டீக் கெட்டிலின் ஆவி காட்டி, பசை விடுகிற வரை காத்திருக்க வேண்டும். இழுத்தால் எழுத்து பசையோடு போய்விடும். இங்கேதான் கஷ்டம். உள்ளே எல்லாம் பறக்கிறது, கை மட்டும் பறக்கக் கூடாது. பூச்சி வராமல் பசையில் மயில்துத்தம் போட்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷம் கழித்தும் அந்த நாற்றம் வந்தது. முதல் தாள் பிரிந்தது. கல்யாணப் பதிவு. இரண்டாவதும் கல்யாணம். ஆறும் கல்யாணம். வேறு ஏதோ புத்தகத்துத் தாள்கள்.

மணி பன்னிரண்டரை.

ஹெட்கிளார்க் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மா தின் வாசலில் நின்று, "எத்தனை அட்டை உண்டு ஒரு புத்தகத்துக்கு?" என்று கேட்டாள்.

"இரண்டு."

"அப்படியானால் இன்னும் ஒன்று இருக்கிறது. செய்யுங்கள். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள்."

பின் அட்டை. முதல் தாள், எழுத்தே இல்லாத வெற்றுத் தாள். இரண்டாவது, நாற்பத்தொன்று. ஞானஸ்நானம். துணியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் வராந்தாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். நடுங்குகிற கையால் தொடக் கூடாது. அந்த ஒரு சுற்று நஷ்டமில்லை. மூன்றாவது தாளில் இருந்தது. ஹன்னா. தகப்பன் ஈதன் வார்டு, கப்பல் தச்சர், ஊர் சேலம், அமெரிக்கா. தாய் மா புவா, கியாக்தான். மை வெளிறித்தான் இருந்தது. ஆனால் ஓர் எழுத்துக்கூடப் போகவில்லை.

ஹெட்கிளார்க் உரக்க வாசித்தார். மா தின் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

மணி இரண்டே கால். ஹெட்கிளார்க் நகல் எழுத உட்கார்ந்தார். பாதியில் பேனாவை நிறுத்தினார். "தனித் தாளை ருசுவா ஏத்துக்க மாட்டாங்க. போன வாரம்கூட ரெண்டைத் திருப்பினாங்க. கருப்பையா, ஒண்ணு செய்வோம். தாளைப் புத்தகத்துக்குள்ள செருகிடுவோம். புத்தகத்துல இருந்ததுன்னு எழுதிடறேன். யாருக்குத் தெரியப் போவுது? உனக்கும் வம்பில்ல, எனக்கும் வம்பில்ல."

நல்ல மனுஷர். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கும் சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கப் பசைத் தடம், துத்தத்தின் பச்சை.

"ஐயா, கமிட்டியில புத்தகத்தைக் கொண்டாரச் சொன்னா? இந்தப் பசையைப் பார்த்தா என்ன சொல்லுவாங்க? இந்தம்மா எங்கேயோ செஞ்சு கொண்டுவந்து நம்மகிட்ட சொருகச் சொன்னாங்கன்னு சொல்லுவாங்க. எலும்பும் கிடைக்காது, இவங்க மேல கேஸும் வரும்."

"அப்ப என்ன எழுதச் சொல்ற?"

"இருந்த இடத்தை எழுதுங்க. பதினெட்டாம் புத்தகம், பின் அட்டை, மூணாம் தாள். யார் ஒட்டினதுன்னும் எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "எழுதினா அது காகிதம்யா. திங்கக்கிழமை துரை மேஜையில இருக்கும்."

"தெரியுங்க."

எழுதினார். எழுத்து தெரியாத காலத்தில் உத்தரவை விளங்கிக்கொள்ளாமல் இந்தத் தாளை வெட்டி ஒட்டியவன் நானே என்று கீழே தமிழில் நான் கையெழுத்துப் போட்டேன். அவர் தன் பேரையும் போட்டார். இன்டெக்ஸ் அட்டையை வெட்டச் சொன்னது நான் என்று ஒரு வரி சேர்த்தார். நான் கேட்கவில்லை.

நானும் மா தின்னும் மழையில் ஓடினோம். கமிட்டி ஆபீஸ் குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார், மூன்று ஐம்பது. காகிதத்தை மெதுவாக வாசித்தார். இரண்டு தடவை.

"இது யார், கருப்பையா?"

"நான்தான்."

"நீயே கொண்டு வந்தாயா, உன் தப்பை?"

"வேறு ஆள் இல்லை."

மா தின்னைப் பார்த்துக் கேட்டார். "இவன்தான் உன் தாத்தாவை அட்டைக்குள் வைத்தவன். தெரியுமா?"

"தெரியும்" என்றாள் மா தின். "எடுத்தவனும் இவன்தான். முத்திரையைக் குத்துங்கள், எனக்கு லாஞ்சு போய்விடும்."

குத்தினார்.

சனிக்கிழமை காலை அந்தச் சேலத்து ஆளே குழியைத் திறந்தான். அதிகம் இல்லை. பெட்டிக்குள் அடங்கிவிட்டது. கல்லைப் புதுத் தோட்டத்தில் நட்டார்கள். அமெரிக்கா என்ற வரி இப்போது வெளியே தெரிகிறது.

திங்கட்கிழமை துரை வந்தார். விசாரணை நடந்தது. வேலை போகவில்லை. ஒரு வருஷம் ரெக்கார்டு அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். வாசலில் உட்கார்ந்து கடித உறை ஒட்டினேன். அது நியாயம்தான். ஹெட்கிளார்க்குக்கு ஒரு கண்டனக் கடிதம். அதை அவர் இன்டெக்ஸ் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார், கேட்டால் காட்டுவார். இன்னொரு உத்தரவும் போட்டார் துரை. வேறு எந்த அட்டையையும் வெட்டக் கூடாது என்று.

இன்னொன்று. கல்லில் இருந்த ஊருக்கு ஹெட்கிளார்க் ஒரு கடிதம் போட்டிருந்தார். ஏழு மாதம் கழித்து அங்கே பதிவேடு வைத்திருக்கிற ஒருவரிடமிருந்து பதில் வந்தது. ஈதன் வார்டு பிறந்த பதிவு அவர்களிடம் இருக்கிறது. கடலுக்குப் போனான் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. அதற்கு மேல் வெற்றிடம். எண்பது வருஷமாக வெற்றிடம். இப்போது நிரப்பிவிட்டார்களாம். ரங்கூனில் மரணம், ஒரு மகள், ஹன்னா, அவள் மகள் மா தின் என்று. ஈதனுக்கு மேலே ஆறு தலைமுறையின் பேரை எழுதி அனுப்பியிருந்தார்கள். பாதிப் பேர் தச்சர்கள். எல்லாருக்கும் மேலே இருந்தவரும் எங்கிருந்தோ கப்பலில் வந்து இறங்கினவர்தான்.

ஹெட்கிளார்க் மா தின்னை வரவழைத்து, வாசலில் நின்று வாசித்தார். நான் உறை ஒட்டிக்கொண்டே கேட்டேன். மா தின் ஒவ்வொரு பேரையும் தன் நாக்குக்கு வருகிற மாதிரி திருப்பிச் சொன்னாள். ஒன்றும் சரியாக வரவில்லை. ஆறையும் சொல்லி முடித்தாள். பிறகு கொஞ்சம் கருவாட்டைப் பொட்டலமாக என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

இப்போது உங்களுக்கு.

வேலைக்குச் சேர்ந்த அந்த மழைக்காலத்தில் நான் எண் போட்ட புத்தகங்கள் முப்பத்தொன்று. திறந்தது ஒன்று. அட்டையை வெட்டக் கூடாது என்று உத்தரவு போட்ட துரை சீமைக்குப் போய்விட்டார். புதியவர் வந்திருக்கிறார். அவரிடம் கேட்கலாம் என்கிறார் ஹெட்கிளார்க். நீங்கள் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். என் பேரைப் போட்டே கேளுங்கள். முன்பே கையெழுத்துப் போட்டவன்தான்.

ஒரு தாள் இல்லை என்றால் கறையான் என்று சொல்லுமுன் தையல் ஓரத்தைப் பாருங்கள். கறையான் தின்ற ஓரம் கடலோரம் மாதிரி இருக்கும். நேராக இருந்தால் அது மனுஷன். உங்களுக்கு ஓர் உத்தரவு விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு ஒரு நாள் வெட்கம். நான் சொல்லாமல் விட்டதற்கு முப்பத்தொரு புத்தகம்.

போன மாதம் அந்தப் பெரியவர் கேட்ட புத்தகத்தை வராந்தாவிலிருந்து பார்த்தேன். முதுகுத் துணி கருஞ்சிவப்பு, கீழே என் தையல். அது என் எண்ணில் ஒன்பது. ஒன்பதின் தாள் பத்தின் அட்டையில் இருக்கும். பத்து, ஜன்னலிலிருந்து மூன்றாவது அலமாரி, மேல் தட்டு, இடது பக்கக் கடைசி. இன்று காலையும் மனத்தில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பெரியவர் விலாசம் கொடுத்துவிட்டுப் போனாரா? கொடுக்கவில்லை என்றால் தேடிப் பிடியுங்கள். வெள்ளைத் தாடி, இடது கால் கொஞ்சம் இழுக்கும், குடையின் பிடி பித்தளை. படி இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

பின் அட்டையை முதலில் திறவுங்கள். பசை விடுகிற வரை இழுக்காதீர்கள்.